திண்டிவனத்தில் ஓர் இரவு: ஐடா ஸ்கடர் வரலாற்று நூல்களில் பெயரற்ற முஸ்லிம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்கல்வி நாடிக் கடல் கடந்தோர் என்றதும் தமிழ் வாசகர் நெஞ்சில் முதலில் தோன்றுவோர் சட்டம் பயிலச் சென்ற ஆடவரே ஆவர். பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சென்ற வ.வே.சு. ஐயர், காவலரின் கண்காணிப்பிலிருந்து தப்பி, 1910இல் முஸ்லிம் ஒருவரின் தோற்றத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. புதுச்சேரிக்கு இருப்புப்பாதை பிரியும் இடம் விழுப்புரம். அதே தடத்தில் வடக்கே நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள திண்டிவனத்தில் கருக்கொண்ட வேறொரு மாணவப் பயணமும் உண்டு. அதிலும் ஒரு முஸ்லிம் வருகிறார். ஆனால் அங்கே அது வேடமன்று. அவர் உண்மையாகவே முஸ்லிம். உண்மையாகவே துயரத்தில் இருந்தவர். பெயர் மட்டுமே அவருக்கு இல்லை. அவரைப் பற்றியும், அவரை நமக்குக் காட்டும் நூல்களைப் பற்றியுமே இக்கட்டுரையில் நாம் பேச விழைகிறோம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனர் ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, முதலில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னை மாகாணத்திலும் பணியாற்றிய மருத்துவ மிஷனரி. தந்தையும் மருத்துவரே, ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்தவர். ஐடா அமெரிக்காவில் வளர்ந்து, நார்த்ஃபீல்டில் பள்ளிக் கல்வி பெற்றார். நோயுற்ற தாய்க்குத் துணையாக 1890இல் அவர் வந்து சேர்ந்த இடம், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திண்டிவனம். செஞ்சிக் கோட்டையையும் தன் எல்லைக்குள் கொண்டிருந்த தாலுகாவின் தலைநகர் அது. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் அடங்குகிறது. மிஷனரியாக வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்குச் சிறிதும் இல்லை. அமெரிக்கா திரும்பித் தம் விருப்பம்போல் வாழவே எண்ணியிருந்தார் என்பதில் அவருடைய வரலாற்றாசிரியர் அனைவரும் ஒன்றுபடுகின்றனர்.

அவர் மனம் மாறியதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஓர் இரவு. திண்டிவனத்து பங்களாவின் கதவை அன்றிரவு மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து தட்டுகின்றனர். முதலாமவர் பிராமணர், இரண்டாமவர் முஸ்லிம், மூன்றாமவர் உயர்சாதி இந்து ஒருவர். மூவரின் இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடுகின்றனர். மூவரும் ஐடாவை அழைக்கின்றனர். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் மருத்துவர், அவர் வருவார் என்கிறார் ஐடா. அந்நிய ஆடவர் எவரும் தம் மனைவியைப் பார்க்கலாகாது என்று சொல்லி மூவரும் திரும்பிச் செல்கின்றனர். விடியற்காலையில் பறையொலி கேட்கிறது. பணியாளரை அனுப்பி விசாரிக்க, மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வருகிறது. ஐடா பெற்றோரிடம் சென்று, அமெரிக்காவில் மருத்துவம் பயின்று திரும்பி வரப்போவதாக அறிவிக்கிறார். 1895இல் பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் பெண்களுக்குக் கதவு திறந்த கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்று, 1900இன் தொடக்கத்தில் வேலூரில் இருந்தார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக வழங்கிய 10,000 டாலரில் எழுந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல் தொடங்கியது. அவ்வாண்டு வந்த விண்ணப்பங்கள் 151 என்பர்.

இந்நிகழ்ச்சியை நூலாக்கியோருள் இருவர் முக்கியமானவர்கள். மேரி பாலின் ஜெஃப்ரி 1938இல் ஐடாவின் வரலாற்றை வெளியிட்டார். அமெரிக்க நாவலாசிரியையான டோரத்தி கிளார்க் வில்சன் எழுதிய ‘டாக்டர் ஐடா’ 1959இல் வெளிவந்தது. பிற்காலத்தில் எழுதப்பட்ட சிறுவர் நூல்கள், நாடகங்கள், மேடைப்பேச்சுகள் ஆகியவற்றின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது வில்சனின் நடையே எனலாம். அவர் திறமை மிக்க கதைசொல்லி. தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்டின் வரலாற்றையும் அவரே எழுதினார். பாத்திரங்களைப் பேசவைத்து, காட்சிகளை அமைத்து, வாசகரை இறுதிவரை அழைத்துச் செல்லும் ஆற்றல் அவருக்கு உண்டு. ஆனால் அதே ஆற்றலே அவ்விரவை நாடகக் காட்சியாகவும் இறுக்கிவிட்டது.

நிகழ்ச்சி நடக்கவே இல்லை, திருச்சபையின் நிதி திரட்டலுக்காகப் புனையப்பட்டது என்று வாதிடுவது நம் நோக்கமன்று. அவ்வாறு எழுதுவோர் நம்மிடையேயும் உளர். அவர்களுடன் நாம் உடன்படவில்லை. ஐடா தம் நீண்ட வாழ்நாளில் இதனை மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கிறார். பிரசவத்தில் பெண்கள் மடிவது அக்காலத்தில் அன்றாட நிகழ்ச்சி. நம் கேள்வி வேறு: நடந்ததைச் சொல்லும்போது எந்தச் சொல் தேர்ந்தெடுக்கப்படுகிறது, எது விடப்படுகிறது?

தேர்ந்தெடுக்கப்பட்ட சொல் ‘மறுத்தார்’ என்பது. முஸ்லிம் கணவர் மருத்துவத்தை மறுத்தார், சமயம் தடுத்தது, மனைவி இறந்தாள். இக்கதையைக் கேட்ட அமெரிக்கத் திருச்சபை மக்கள் கொண்ட பொருள் இதுவே. இன்றும் பெரும்பாலோர் கொள்ளும் பொருளும் இதுவே. ஆனால் கதையின் செயல்களை மட்டும் வரிசைப்படுத்திப் பார்ப்போம். தம் வீட்டுப் பெண்டிரைக் கோஷாவில் வைத்திருந்த ஒருவர், நள்ளிரவில், வெள்ளைக்காரப் பாதிரியார் வீட்டுக்கு நடந்து வருகிறார். வேற்றுச் சமயப் பெண் ஒருத்தியைத் தம் வீட்டின் உள்ளறைக்கு அழைக்கிறார். அவளுடைய சமயத்தையோ நாட்டையோ அவர் பொருட்படுத்தவில்லை. அவர் கேட்டது ஒன்றே: பெண் மருத்துவர். அன்று திண்டிவனத்தில் அது இல்லை. இல்லாத ஒன்றைக் கேட்டவர், இருந்த ஒன்றை மறுத்தவராக மட்டுமே நூல்களில் எஞ்சினார்.

பறையொலியைப் பற்றியும் ஒரு சொல். இறப்பைப் பறையறைந்து அறிவிப்பது நம் வீடுகளின் வழக்கமன்று. ஆள்வழிச் செய்தி சொல்லி, கலிமாவின் மெல்லிய ஒலியோடு ஜனாஸாவை எடுத்துச் செல்வதே மரபு. எனவே ஐடா கேட்ட பறை மற்ற இரு வீடுகளுள் ஒன்றினுடையதாகவே இருத்தல் வேண்டும். முஸ்லிம் பெண்ணின் மறைவைப் பணியாளர் வாய்மொழியாகத்தான் அறிந்திருக்க முடியும். பின்வந்த பல ஆக்கங்களோ மூன்று மரணங்களுக்கும் சேர்த்துப் பறையை முழங்கவிடுகின்றன. இது சிறு விவரந்தான். ஆயினும், கதைசொல்லியின் கண் முஸ்லிம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது என்பதை இச்சிறு விவரம் காட்டிவிடுகிறது. உள்ளே இருந்தவள் யார், அவளருகில் யார் இருந்தார், ஜனாஸா எந்தப் பள்ளிவாசலுக்குச் சென்றது என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கணவர் கேட்டது அக்காலத்திற்கு எட்டாத விந்தையான கோரிக்கையா? அன்று என்பதற்குச் சென்னையே சான்று. அங்கே வழக்கறிஞராயிருந்த ஒருவரின் மனைவி மேரி ஷார்லீப், கோஷாப் பெண்கள் மருத்துவ உதவியின்றிப் பிரசவத்தில் படும் பாட்டைக் கேள்வியுற்று, முதலில் சென்னைப் பிரசவ மருத்துவமனையில் பயிற்சி பெற்று, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடன் சேர்ந்த பெண்கள் மூவர். பிறகு இலண்டன் சென்று, 1882இல் அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டு சென்னை திரும்பினார். 1885இல் அவர் முயற்சியால் எழுந்ததே விக்டோரியா மருத்துவமனை. திருவல்லிக்கேணியில் அதன் பெயர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என மாறிப் பல்லாண்டுகள் கடந்தும், மக்கள் நாவில் அது ‘கோஷா ஆஸ்பத்திரி’யே. ஆக, திண்டிவனத்துக் கதவு தட்டப்படுவதற்கு முன்பே, அதே காரணத்தால் தூண்டப்பெற்ற ஒரு மாணவி கடல் கடந்து பயின்று திரும்பி, அதற்கென ஒரு மருத்துவமனையையும் நிறுவிவிட்டார். திண்டிவனத்திலிருந்து சென்னை இரயிலில் நூற்றிருபது கிலோமீட்டர் அளவு. நள்ளிரவில் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணுக்கு அத்தொலைவு இலண்டன் தொலைவுதான். அது வேறு செய்தி.

அம்மருத்துவமனையின் முழுப்பெயரை வாசகர் கவனிக்க வேண்டும். அது ‘சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான’ மருத்துவமனை. கோஷா என்பது மூலை எனப் பொருள்படும் பாரசீகச் சொல். மூலையில் ஒதுங்கியிருத்தல் என்ற பொருளில் தென்னாட்டில் பர்தாவைக் குறிக்கலாயிற்று. அச்சொல்லுக்கு முன் ‘சாதி’ என்ற சொல் நிற்கிறது. அந்நிய ஆடவர் பார்வையிலிருந்து பெண்ணை விலக்கி வைத்தது ஒரு சமயத்தின் தனியுடைமையன்று; குடிப்பெருமை பேசிய எல்லா வீடுகளின் பொது வழக்கம் அது என்பதைப் பெயர்ப்பலகையே பறைசாற்றியது. திண்டிவனத்துக் கதையிலும் மூவருள் ஒருவரே முஸ்லிம். எனினும் அதே செயலுக்குக் காரணம் கற்பிக்கும்போது, மற்ற இருவரைச் சாதி வழக்கத்திலும் நம்மவரை மார்க்கத்திலும் சேர்த்து எண்ணுவது படிப்போரின் இயல்பாகிவிட்டது.

இதுவரை பிறர் நூல்களைக் குறை கூறினோம். இத்துடன் நிறுத்திக்கொண்டால் அது நமக்கு எளிது, நேர்மையாகாது. ஏனெனில் ஒரு பெண் இறந்திருக்கிறாள். அவளுடைய கணவர் மருத்துவரைத் திருப்பி அனுப்பியது மார்க்கத்தின் கட்டளைப்படியா என்ற வினாவுக்கு, வில்சனிடமோ ஜெஃப்ரியிடமோ விடை கேட்பதில் பொருளில்லை. நம் ஃபிக்ஹு நூல்களிடம்தான் கேட்க வேண்டும்.

கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுதியாக வாழ, ஆர்க்காட்டு உள்நாட்டுப் பகுதிகளின் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தோர். ஹனஃபி மத்ஹபின் தலையாய பாடநூல்களுள் ஒன்று, ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயா. அதன் ‘கராஹிய்யா’ என்னும் பகுதி இவ்விடயத்தை நேராகவே எடுத்துப் பேசுகிறது. கருத்தை மட்டும் சுருக்கித் தருகிறோம். நோயுற்ற பெண்ணின் உடலில் நோயுள்ள இடத்தை மருத்துவர் பார்ப்பது, நிர்ப்பந்தம் கருதி அனுமதிக்கப்பட்டது. எனினும் அச்சிகிச்சையை ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பதே அவருக்குத் தகும். பெண்ணைப் பெண் பார்ப்பது இலகுவானது என்பதே காரணம். அதற்கும் வழியில்லையெனில், மற்ற உறுப்புகளை மறைத்து, தேவையான அளவே பார்த்து, அவரே சிகிச்சை செய்வார். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜும் சிகிச்சைக்காகப் பார்ப்பதையும் தொடுவதையும் ஆகுமாக்குகிறது. அதன் விரிவுரையாளர்கள் யார் முதலில், யார் பின்னர் என்று வரிசையும் தருகின்றனர். அவ்வரிசையில் முஸ்லிம் பெண் மருத்துவருக்கு அடுத்து, முஸ்லிமல்லாத பெண் மருத்துவர், அந்நிய ஆடவருக்கு முன்பே வந்துவிடுகிறார். இறுதியில், வேறு எவரும் இல்லாதபோது, முஸ்லிமல்லாத ஆடவர்கூட விலக்கப்படவில்லை.

இதன்படி அவ்விரவை மீண்டும் வாசித்தால் இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, முஸ்லிம் கணவர் ஐடாவை அழைத்தது நம் சட்ட நூல்கள் வகுத்த வரிசைக்கு முற்றிலும் இயைந்தது. கிறிஸ்தவப் பெண்ணாயினும் அவரை முதலில் நாடியது தவறன்று; சரியான தொடக்கமே. இரண்டாவது, ஐடாவால் இயலாது என்றானபின் ஜான் ஸ்கடரை அழைத்துச் செல்லாமல் திரும்பியது மார்க்கமன்று, வழக்கம். நிர்ப்பந்தம் விலக்கை நீக்கும் என்ற விதியை, மரணப்படுக்கையில் கிடந்த ஒருத்தியின் வீட்டில் எவரும் எடுத்துச் சொல்லவில்லை. ஊர்க் கவுரவம் விதியை மிஞ்சிற்று. அவரை இகழ்ந்து இதைச் சொல்லவில்லை. அறிந்திருந்து சொல்லாதவர்கள்மீதே நம் மனத்தாங்கல்.

ஹிதாயாவைப் பற்றி ஆங்கிலேயர் அறியாதிருந்தனர் என்றும் கூறுவதற்கில்லை. சார்லஸ் ஹாமில்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1791இலேயே வெளிவந்து, நீதிமன்றங்களில் முஸ்லிம்களின் வழக்குகளுக்கு ஆதாரமாக ஒரு நூற்றாண்டு புழங்கியது. அறக்கொடைக்குப் புரட்டப்பட்ட அதே நூலில்தான் மருத்துவம் பற்றிய இப்பகுதியும் உள்ளது. நீதிமன்றமும் அதைப் புரட்டவில்லை, பாதிரியாரும் புரட்டவில்லை, நாமும் புரட்டவில்லை.

இங்கே நம்மைச் சற்று நிறுத்தி எண்ணவைப்பது, ‘ஒரு பெண்ணுக்குக் கற்பித்தல்’ என்னும் குறிப்பு. மர்கீனானீ (ரஹ்) அதனைக் கணவரை நோக்கிச் சொல்லவில்லை. மருத்துவரை நோக்கிச் சொல்கிறார். அந்நியப் பெண்களுக்குச் சிகிச்சை தேவைப்படும் என்பதை முன்னுணர்ந்து, சிகிச்சையறிந்த பெண்களை உருவாக்கும் கடமையை அறிந்தவர் தோளில் வைக்கிறார். மூன்று தட்டல்களின்போதும் அவ்வீட்டில் ஒரு மருத்துவர் இருந்தார். இருபது வயதைக் கடந்த, கூர்மதி வாய்ந்த ஒரு மகளும் இருந்தார். மகளுக்கு அவர் கற்பித்திருக்கவில்லை. இதை ஜான் ஸ்கடர்மீது குற்றமாகச் சுமத்துவதற்கில்லை. அமெரிக்காவிலும் பெண்கள் மருத்துவம் பயில்வதற்கு அக்காலத்தில் எதிர்ப்பு இருந்தது. ஆயினும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் மாவராஉன்னஹ்ர் பகுதியில் இருந்த ஓர் ஆலிம் எழுதிவைத்த தீர்வைத்தான், ஐடா அட்லாண்டிக் கடந்து போய்ப் பெற்று வந்தார் என்பதை எண்ணும்போது வியப்பும் வெட்கமும் ஒருங்கே எழுகின்றன.

வெட்கம் ஏன் என்பதற்கு இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களைத் துணைக்கழைக்கலாம். இஹ்யாவின் கல்வி பற்றிய முதல் நூலில் அவர் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்கிறார். சமூகத்தில் எவரும் செய்யாவிடின் அனைவரும் குற்றவாளிகளாகும் கடமை அது. அத்துடன் அவர் நிற்கவில்லை. தம் காலத்து ஊர்கள் பலவற்றில் திம்மீக்களைத் தவிர வேறு மருத்துவர் இல்லாதிருக்க, மாணவர் கூட்டமோ ஃபிக்ஹிலும் அதன் கருத்து வேறுபாட்டு விவாதங்களிலும் நெருக்கியடிப்பதைக் கடிந்துரைக்கிறார். பதவியும் செல்வாக்கும் அங்கே கிடைக்கும் என்பதே காரணம் என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். அவர் மறைந்தது 1111இல். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர்த் திண்டிவனத்தில் அந்நிலை எழுத்துக்கெழுத்து மெய்யாயிற்று.

வேலூரை எடுத்துக்கொண்டால் இம்முரண் இன்னும் கூர்மையாகிறது. அல்லாமா ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் (ரஹ்) பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி அந்நகரில்தான் உள்ளது. தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் ஆலிம்களை அனுப்பிய தாய்க்கல்லூரி அது. அதன் கொடை அளவிடற்கரியது. நிஜாமிய்யா பாடத்திட்டம் நிலவும் மதரஸாக்களில் ஹிதாயா ஓதப்படாமல் ஒருவர் ஆலிமாவதில்லை. ஒரே நகரில், ஒரு தெருவில் சிகிச்சையைப் பெண்ணுக்குக் கற்பிப்பது தகும் என்னும் பாடம் அரபு மொழியில் ஓதப்படுகிறது. மற்றொரு தெருவில் அமெரிக்காவில் பயின்று வந்த ஒரு பெண், பெண்களுக்கு மருத்துவம் கற்பித்துக்கொண்டிருக்கிறார். முதல் தெருவுக்கும் இரண்டாம் தெருவுக்கும் இடையே நடந்து சென்றோர் நோயாளிகள் மட்டுமே. ஹஸ்ரத் அவர்கள் 1919இல் மறைந்தார்கள். பெண்கள் மருத்துவப் பள்ளி அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கப்பட்டது. நம் பெண்மக்களை அங்கே அனுப்புவது பற்றி அன்று ஊர்தோறும் ஒரு பேச்சு எழுந்திருக்க வேண்டும் என்று இன்று நாம் விரும்பலாம். விரும்புவது வரலாறாகாது.

முஸ்லிம் பெண்கள் கல்விக்காகக் கடல் கடக்கவே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. பம்பாயின் தைய்யிப்ஜீ குடும்பத்தோடு உறவுடைய அத்திய்யா ஃபைஸீ, 1906இல் அரசு உதவித்தொகையில் இலண்டன் சென்று, மேரியா கிரே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு அவர் எழுதிய நாட்குறிப்பு லாஹூரின் ‘தஹ்ஸீபுன் நிஸ்வான்’ பெண்கள் இதழில் தொடராக வந்து, 1921இல் ‘ஸமானெ தஹ்ஸீல்’ என நூலாயிற்று. அல்லாமா இக்பாலை அவர் சந்தித்ததும் அப்பயணத்தில்தான். உடல்நலக் குறைவால் படிப்பு நிறைவுறாமலே திரும்பினார். ஐடா வரலாற்று நூல்களோடு அதனை அடுத்தடுத்து வைத்து வாசித்தால் ஒரு வேறுபாடு உடனே புலனாகும். அத்திய்யா தம்மைத் தாமே எழுதுகிறார். கண்டது, உண்டது, சலித்தது, வியந்தது எல்லாம் அவர் கூற்றிலேயே வருகின்றன. வீட்டிலிருக்கும் முஸ்லிம் பெண் வாசகரை நோக்கி உருதுவில் வருகின்றன. அவருடைய எழுத்தில் இலக்கியச் செறிவு குறைவு என்பாரும் உளர். இருக்கலாம். ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிறர் வருணிக்கக் கேட்டே பழகிய காதுக்கு அக்குரலே போதும்.

அத்திய்யாவுக்குக் குடும்பச் செல்வமும் ஆங்கிலக் கல்வியும் இருந்தன. அன்று இலண்டன் சென்ற இந்திய மாணவர் பெரும்பாலோர் நிலையும் அதுவே. அவர்கள் தொகை பெருகி, அரசியல் அச்சமும் பெருகியபோது, 1909இல் இந்திய மாணவர்க்கான கல்வி ஆலோசகராக இலண்டனில் அமர்த்தப்பட்டவர் வேறு எவருமல்லர். அலீகரில் ஆசிரியராக இருந்தவரும், இஸ்லாத்தின் பரவல் குறித்த புகழ்பெற்ற நூலின் ஆசிரியரும், இக்பாலின் பேராசானுமான டி.டபிள்யூ. ஆர்னால்டுதான். வட இந்திய முஸ்லிம் மாணவர்க்கு அங்கே அறிமுகமான ஒரு முகம் இருந்தது. நம் பகுதியிலோ கடற்பயணம் அயலானதன்று. ரங்கூனும் பினாங்கும் கொழும்பும் நம்மவர்க்குப் பக்கத்து ஊர்கள். ஆண்டுதோறும் ஹஜ்ஜுக்கும் கப்பல் ஏறினோம். வணிகத்திற்குக் கடல் தடையாக இல்லாத சமூகம், மருத்துவக் கல்விக்கு மட்டும் கரையிலேயே நின்றுவிட்டது.

ஐடா பயின்ற பிலடெல்பியாக் கல்லூரிக்கும் கீழைநாட்டு மாணவியர் புதியவர்களல்லர். 1885 அக்டோபரில் அங்கு எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்றில் மூவர் தத்தம் நாட்டு உடையில் அமர்ந்திருக்கின்றனர்: மராட்டியப் பிராமணப் பெண் ஆனந்திபாய் ஜோஷி, ஜப்பானின் கெய் ஒகாமி, திமிஷ்கைச் சேர்ந்த ஸபாத் இஸ்லாம்பூலி. பெயரைக் கண்டு மூன்றாமவரை முஸ்லிம் என எழுதிப் பெருமை கொள்ளும் கட்டுரைகள் நம்மவரிடையே உலவுகின்றன. அவர் குர்திய யூதக் குடும்பத்தவர் என்பதே ஆய்வாளர் முடிவு. இல்லாத பெருமையைத் தேடி அலைவதைவிட, புகாரீ தொகுப்பின் மருத்துவ நூலைத் திறந்து பார்க்கலாம். ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும் சிகிச்சை செய்யலாமா என்ற வினாவையே ஒரு பாடத்தின் தலைப்பாக வைத்து, போர்க்களத்தில் நபித்தோழியர் ஆற்றிய பணியை ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் வாயிலாக இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

மீண்டும் ஐடா நூல்களுக்கு வருவோம். அவை பயனற்றவை என்பது நம் கருத்தன்று. குடியாத்தம் சாலையோரங்களில் மருந்துப் பெட்டியுடன் வண்டியில் சென்றவரின் உழைப்பை வில்சன் எழுதும் பக்கங்கள் உயிருள்ளவை. அரைநூற்றாண்டுக் காலம் நம் வீட்டுப் பெண்கள் உட்பட எண்ணற்றோர் அக்கையால் பிழைத்தனர் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ளாதவர் மனிதரல்லர். தமிழில் அவ்வரலாற்றை மீண்டும் எழுதப்போகிறவர்களிடம் நாம் வேண்டுவது மிகச் சிறிது. இரண்டாவதாகக் கதவைத் தட்டியவரை ‘மறுத்தவர்’ என எழுதும் முன், அவர் எதைக் கேட்டு வந்தார் என்பதை ஒரு வரியாவது எழுதட்டும். கோஷா ஆஸ்பத்திரி ஏற்கெனவே திறந்திருந்ததையும் எழுதட்டும். வழக்கத்தை வழக்கம் என்றும் மார்க்கத்தை மார்க்கம் என்றும் பிரித்து எழுதட்டும். அப்பிரிவை அவர்களுக்கு எடுத்துக்காட்டும் வேலை நம்முடையது.

இன்னொருவரும் அவ்விரவில் விடுபட்டிருக்கிறார். அக்காலத்துப் பிரசவம் எதுவும் மருத்துவச்சி இன்றி நடந்ததில்லை. மிஷனரி எழுத்துகளில் அவள் வரும்போதெல்லாம் அழுக்கும் அறியாமையுமாகவே வருகிறாள். பல இடங்களில் அவ்வருணனை மெய்யாகவும் இருந்திருக்கும். ஆனால் கோஷாவின் உள்ளறைக்குள் எந்தத் தடையுமின்றி நுழையக்கூடியவளாக அன்று திண்டிவனத்தில் இருந்தவள் அவள் ஒருத்தியே. ஹிதாயா சொன்ன ‘ஒரு பெண்’ எங்கோ தேடவேண்டியவளல்லள். கணவர் பங்களாவுக்கு ஓடிய நேரத்திலும் படுக்கையருகே அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு மருத்துவரும் அவளை அழைத்துக் கற்பித்திருக்கவில்லை.